சொல்லித்தராத மூன்றெழுத்து

ஜெனவீவுக்கும் டக்ளஸுக்கும் வேறு எதிலும் சண்டை கிடையாது. கறுப்புத்திரை விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் இறங்கி வர மாட்டார்கள். மலேசியாவில், சுங்கை பட்டாணியில், முகம்மது ஹனீபாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் டக்ளஸ் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தார். 1987ஆம் வருஷம். ஆறு மெஷின், ஒரு பிரிண்டர், கழுத்தைத் திருப்ப மறுக்கும் இரண்டு மின்விசிறி. வாத்தியார்கள் என்று பார்த்தால் டக்ளஸும் ஜெனவீவும்தான். கீழே மீன் தலைக் கறி கொதிக்கும் வாசனையில், காலை வகுப்பு முடிந்த கையோடு இவர்கள் விவாதத்தை ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடும்.

விவாதம் இதுதான். மெஷினைத் தட்டிவிட்டதும் கறுப்பாக ஒரு திரை வரும். அதில் ஒரே ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு கூர்முனை, மின்னிக்கொண்டிருக்கும் சின்னக் கோடு. வேறு எதுவும் இருக்காது. என்ன வேண்டுமோ அதை நாம்தான் கட்டளையாக அடித்துக் கேட்க வேண்டும். பிளாப்பித் தட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க டி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்தை அடிக்க வேண்டும். நகல் எடுக்க ஒரு கட்டளை, அழிக்க ஒரு கட்டளை. இதற்குச் சுலபமான இன்னொரு வழியும் இருந்தது. ஒரு புரோகிராமைக் கூப்பிட்டால் திரை இரண்டு கட்டமாகப் பிரியும். இடது பக்கத் தட்டில் இருப்பவை இடது கட்டத்திலும், வலது பக்கத் தட்டில் இருப்பவை வலது கட்டத்திலும் பெயரும் தேதியுமாக வரிசை கட்டி நிற்கும். வேண்டியதன் மேல் போய் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். மனப்பாடம் எதுவும் தேவையில்லை.

"கறுப்புத்திரைதான் மொதல்ல படிக்கணும் ஜெனி. கட்டத்திரை நம்ம மெஷின்ல இருக்கு. வேலைக்குப் போற எடத்துல இல்லன்னா என்னா பண்ணுவாங்க? கறுப்புத்திரை எல்லா மெஷின்லயும் இருக்கும்லா" என்பார் டக்ளஸ்.

"மொத நாளே கறுப்புத்திரைய காட்டினா ரெண்டாவது நாள் வரமாட்டாங்கண்ணே. வராத ஆளுக்கு யாரு படிச்சுக் குடுக்கறது?" என்பாள் ஜெனவீவ்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. டக்ளஸ் புத்தகம் படித்துப் பேசினார். ஜெனவீவோ பட்ட அவமானத்தை வைத்துப் பேசினாள். அந்த அவமானத்தை அவள் ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவள் அப்பா அந்தோணிதாஸ் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டுநர். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது முடித்ததும் மற்ற தோட்டத்துப் பிள்ளைகளைப்போல அவளையும் ஒரு வருஷம் ரிமூவ் வகுப்பில் உட்காரவைத்தார்கள். மலாய் ஒழுங்காக வந்த பிறகு மேலே போகலாம் என்று உத்தரவு. டவுன் பிள்ளைகள் நேராக முதல் படிவத்துக்குப் போனார்கள். 1975ஆம் வருஷம் முழுவதும் அவள் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஐந்தாம் படிவம் பாஸ் செய்து, டைப்பிங் படித்து, ஒரு வக்கீல் ஆபிஸில் மூன்று வருஷம் கடிதம் அடித்தாள். 1984இல், சேர்த்துவைத்த சம்பளத்தில் பினாங்குக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள்.

அங்கேதான் அது நடந்தது. இரண்டாவது வாரம், வாத்தியார் அவளை முன்னால் கூப்பிட்டுக் கட்டளை அடிக்கச் சொன்னார். அடித்தாள். கட்டளை தப்பு என்று திரை சொன்னது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே வரி வந்தது. ஏழு தடவை. அந்த வரி ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரை முழுக்க இறங்க இறங்க, பின்னால் இருந்தவர்கள் எண்ணிக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். எஸ்டேட்டிலிருந்து வந்த பெண் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு ஃபெரியில் திரும்பும்போது, நான் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிற காலம் வந்தால் இந்தக் கறுப்புத்திரையைக் காட்டவே மாட்டேன் என்று முடிவு கட்டினாள். நல்ல மனசோடு எடுத்த முடிவு. அதில் சந்தேகமே இல்லை. கெடுதல் எல்லாம் கெட்ட மனசிலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு அது.

1987 கடைசியில் பரஞ்சோதி வகுப்புக்கு வந்தார். சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டாங் கிராணி, ஆபிஸ் குமாஸ்தா. வயது ஐம்பத்திரண்டு. தோட்ட ஆபிஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். தட்டு நுழைக்க இரண்டு பிளாப்பி வாய், இடமும் வலமுமாக. அதைப் பழகிக்கொண்டு வரும்படி மேனேஜர் அவரை ஆறு சனிக்கிழமைக்கு அனுப்பியிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, "டீச்சர் இருக்காங்களா?" என்று ஜெனவீவிடமே கேட்டார்.

ஜெனவீவ் பிறந்தது அவர் தோட்டத்திலிருந்து ஆறு தாண்டி அடுத்த தோட்டம். அங்கே கிராணி எதிரே வந்தால் அவள் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். இப்போது அவள் வகுப்புக்குள் வந்தால் ஒரு கிராணி எழுந்து நின்று டீச்சர் என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும்.

பரஞ்சோதியின் விரல்கள் முப்பது வருஷம் டைப்ரைட்டரில் பழகியவை. எழுத்தடிப்பதில் அந்த வகுப்பில் அவரை யாரும் தொட முடியாது. ஆனால் திரையைக் கண்டு பயந்தார். ஒரு பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்ப்பார். தட்டை வெளியே எடுப்பதற்குள் எடுக்கலாமா என்று இரண்டு தடவை கேட்பார். இந்த மனிதருக்குக் கட்டளை எல்லாம் வராது என்று முதல் சனிக்கிழமையே அவள் தீர்மானித்துவிட்டாள்.

"இந்தக் கறுப்பா வருதே, இது என்னா டீச்சர்?" என்று ஒரு தடவை கேட்டார்.

"அது ஒங்களுக்கு வேணாம் அங்கிள். வந்ததும் இந்த ரெண்டு எழுத்த அடிங்க, கட்டம் வந்துரும். அப்புறம் அதப் பாக்கவே தேவையில்ல."

அவருக்காகவே ஒரு விதியும் செய்து கொடுத்தாள். இடது வாய் புரோகிராம் தட்டுக்கு. வலது வாய் உங்கள் வேலைத் தட்டுக்கு. அது அங்கேயே இருக்கட்டும், எதற்காகவும் மாற்றாதீர்கள். நகல் எடுக்கும்போது மட்டும் இடதில் இருக்கும் புரோகிராம் தட்டை எடுத்துவிட்டு நகல் தட்டைப் போடுங்கள். வலதிலிருந்து இடதுக்கு அனுப்புங்கள். வேலைத் தட்டைத் தொடவே வேண்டாம் என்றதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. அவளுக்கும் பெருமையாக இருந்தது. ஆளுக்கு ஏற்ற மாதிரி சொல்லிக் கொடுப்பதுதானே வாத்தியார் வேலை என்று டக்ளஸிடம் சொல்லிக்கொண்டாள்.

ஆறாவது சனிக்கிழமை சான்றிதழ். அச்சடித்த தாளில் ஐந்து பாடம் இருக்கும். கறுப்புத்திரைக் கட்டளைகள்தான் முதல் பாடம். அதற்கு நேரே இருந்த கோட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். காலியாக விட்டால் டக்ளஸ் கேட்பார், மேனேஜரும் கேட்பார். மற்ற நான்குக்கும் எழுதியது போலவே அதற்கும் மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பரஞ்சோதி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தோட்டத்தில் கொடுத்த வேலை பேர்ப்பதிவு. தோட்டம் கைமாறப் போகிறது, புதுக் கம்பெனிக்கு எல்லா ஆட்களின் விவரமும் ஒரே பட்டியலாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பழைய புத்தகங்கள் பாதி செல்லரித்துக் கிடந்தன. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த வருஷம், பிள்ளைகள். தாளில் ஓட்டை விழுந்த இடங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே போய், வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். 1988 ஜனவரியில் ஆரம்பித்தார். அப்பா சொல்லித்தான் ஜெனவீவுக்கு இது தெரியும். ரெண்டாங் கிராணி டிவி பெட்டி முன்னாடி உக்காந்து எங்க பாட்டன் பேரையெல்லாம் அடிக்கிறாராம் என்று தோட்டத்தில் பேச்சு.

மார்ச்சில் புரோகிராம் தட்டில் பூஞ்சை பிடித்தது. அந்த ஈரக் காற்றில் பிளாப்பிக்கு அது சகஜம். கட்டத்திரை வரவில்லை. எழுத்தடிக்கிற புரோகிராம் தனித் தட்டில் இருந்ததால் பட்டியல் வேலை நிற்கவில்லை. நகல் எடுப்பதுதான் நின்றுபோனது. பரஞ்சோதி வகுப்புக்குப் போன் செய்து சொன்னார். புதுத் தட்டு அனுப்புகிறேன் என்றாள் ஜெனவீவ். அனுப்பவில்லை. மறந்துபோனாள், அவ்வளவுதான். ஏப்ரலில் ஒரு தடவை ஞாபகம் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"டீச்சர், பரஞ்சோதி பேசறேன். பட்டியல் முடிஞ்சுருச்சு. நாளைக்கு மேலிடத்துலேருந்து ஆளு வராங்க. மேனேஜர் நகல் கேக்கறாரு. கட்டம் இல்லாம எடுக்க முடியுமா?"

பின்னால் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டிருந்தது. ஜெனவீவ் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "முடியும் அங்கிள். நான் சொல்றத அப்படியே அடிங்க" என்று நகல் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். வகுப்பில் எல்லாரும் எப்போதும் இடதிலிருந்து வலதுக்குத்தான் நகல் எடுப்பார்கள். அதையே சொன்னாள். அவருக்கென்று தானே செய்து கொடுத்த விதி தலைகீழ் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"அடிச்சுட்டேன் டீச்சர். இன்னும் தட்டல. அதுக்கு முன்னாடி ஒன்னும் பாக்க வேணாமா?"

"ஒன்னும் வேணாம் அங்கிள், தட்டிவிடுங்க."

தட்டினார். அவருடைய வேலைத் தட்டு வழக்கம்போல வலது வாயில் இருந்தது. இடது வாயில் மார்ச் மாதத்து நகல். இரண்டிலும் பட்டியலுக்கு ஒரே பெயர். அந்தக் காலத்துக் கட்டளை, மேலே எழுதட்டுமா என்று கேட்கிற ரகம் கிடையாது. ஐந்து மாத வேலையின்மேல் மார்ச் மாதத்தை எழுதிவிட்டு, ஒரு கோப்பு நகலாயிற்று என்று சொல்லிச் சும்மா இருந்தது. அதற்கு முன்னால் அந்த மூன்று எழுத்தை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை அடித்திருந்தால், எது மார்ச், எது ஆகஸ்ட் என்று தேதியோடு திரையில் வந்திருக்கும். முப்பது வருஷம் தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்ட மனிதர். ஒரு பார்வை போதும் அவருக்கு.

மறுநாள் மேலிடத்து ஆள் முன்னால் பட்டியலைத் திறந்தபோது அது பாதியில் நின்றது. மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை என்று அறிவித்தார். பரஞ்சோதிக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அவர் குடியிருந்தது தோட்டத்துக் கிராணி வீடு. வேலை போனால் வீடும் போகும். வகுப்புக்குப் போன் போட்டுப் பேசியதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மேனேஜரே வகுப்புக்குப் போன் செய்தார். டக்ளஸ் எடுத்துப் பேசி, முகம் மாறி, ரிசீவரை ஜெனவீவிடம் நீட்டினார். அந்தத் தோட்டக் கம்பெனியிலிருந்து இன்னும் ஐந்து கிராணிகளை வகுப்புக்கு அனுப்புவதாகப் பேச்சு இருந்தது. அதனால் டக்ளஸ் நகராமல் பக்கத்திலேயே நின்றார்.

கறுப்புத்திரைக் கட்டளைகளைப் பரஞ்சோதிக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"கொடுத்தேன்."

நகல் எடுக்கும் முன் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதைச் சொல்லிக் கொடுத்தீர்களா?

"சொல்லிக் கொடுத்தேன்."

அப்படியானால் அவர்தான் கவனிக்கவில்லை என்றார் மேனேஜர். போனில் கட்டளையைத் தலைகீழாகச் சொன்னது அப்போதுதான் ஜெனவீவுக்கு உறைத்தது. அதற்குள் மேனேஜர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"உண்மையா சொல்லிக் குடுத்தியா ஜெனி?" என்று கேட்டார் டக்ளஸ்.

"குடுத்தேண்ணே."

வியாழக்கிழமை முழுவதும் அவளுக்கு அவகாசம் இருந்தது. மத்தியானம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். சுங்கை லாலாங் பஸ் வந்தது, நின்றது, ஆள் ஏற்றியது, போயிற்று. வேலை போய்விடும் என்று பயந்தாளா என்றால் பயந்தாள். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மேனேஜர் முன்னால், நான் அவருக்கு அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை என்று சொன்னால், ஏன் நடத்தவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பரஞ்சோதியும் பக்கத்தில் நின்று பதிலைக் கேட்பார். அந்தப் பதிலை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. ஹனீபா கடையில் பால் கலக்காத தே ஓ ஒன்று குடித்துவிட்டு மாடிக்கு ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பொய் சொன்னேன் சாமி, இரண்டு பேரிடம் என்றாள். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பரிகாரமாக அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொல்லி முடித்தாள். மலிவாகத் தப்பித்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போனபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அப்பா சொன்னார். "அந்தத் தோட்டத்து ரெண்டாங் கிராணிய வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணுமாம். பாவம், யாரையும் ஒரு வார்த்த ஏசாத மனுசன். நீதான படிச்சுக் குடுத்த அவருக்கு?"

"ஆமாம்பா."

"அப்புறம் எப்புடி தப்பு பண்ணாரு?"

அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் பாடம் நடத்தும் விதம் மாறியது. முதல் நாளே கறுப்புத்திரை. டி, ஐ, ஆர் என்று நூறு தடவை அடிக்கவைத்தாள். கட்டத்திரை பக்கம் போனால் கத்தினாள். ஹனீபாவின் அண்ணன் மகள் சைதூன் இரண்டாவது நாள் எல்லார் முன்னாலும் ஆறு தடவை தப்பாக அடித்தாள். ஏழாவது தடவையும் அடி என்று ஜெனவீவ் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே கீழே இறங்கிப் போய், அப்புறம் வரவே இல்லை.

"நான் கறுப்புத்திரைய மொதல்ல காட்டச் சொன்னேன், அத வெச்சு ஆள அடிக்கச் சொல்லலியே. ஒனக்கு என்னா ஆச்சு ஜெனி?" என்றார் டக்ளஸ்.

என்ன ஆயிற்று என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியம் வரவில்லை. அன்று ராத்திரி, பினாங்கு வாத்தியார் தன் உருவத்தில் வந்து நின்றுவிட்டதாக அவளுக்குப் பட்டது. முதலில் எதைக் காட்டுவது என்பதில் ஒன்றுமே இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வரும் என்று நம்புகிறோமா இல்லையா என்பதுதான் விஷயம். இத்தனை வருஷம் அவளும் டக்ளஸும் தொண்டை வற்றக் கத்தியது வேறு எதையோ பற்றி.

1989 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, லூனாஸுக்குப் பஸ் ஏறினாள். பரஞ்சோதி அங்கே ஒரு மலிவு விலை வீட்டில் வாடகைக்கு இருப்பதாக அப்பா விசாரித்துச் சொல்லியிருந்தார். கைப்பையில் மேனேஜருக்கு எழுதிய கடிதம் இருந்தது. நடந்ததெல்லாம் எழுதியிருந்தாள். தபாலில் போட நாலு மாதமாகக் கை வரவில்லை. முதலில் அவரிடம் காட்டிவிட்டுப் போடலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

கதவைத் திறந்தது அவர் மனைவி பிரேமாவதி. "டீச்சரா? வாங்கம்மா, உள்ள வாங்க. ஒங்களப் பத்தித்தான் எப்பப் பாத்தாலும் பேச்சு" என்றார். பரஞ்சோதி உள்ளேயிருந்து சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார். இளைத்திருந்தார். வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பு எப்படிப் போகிறது, டக்ளஸ் சார் சுகமா, பிரிண்டர் சரியாயிற்றா என்று விசாரித்தார். பிறகு, கொஞ்சம் இருங்க டீச்சர் என்று அறைக்குள் போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒரு சந்தேகம். வகுப்புல நீங்க சொன்னது எல்லாத்தையும் வீட்டுக்கு வந்து இதுல எழுதி வெச்சேன். ஆறு சனிக்கிழமையும் இருக்கு."

சாய்ந்த கையெழுத்து, மேலே தேதி, சிவப்பு மையில் அடிக்கோடு. இடது வாய் புரோகிராம் தட்டுக்கு, வலது வாய் வேலைத் தட்டுக்கு என்று அவள் சொன்னது சொன்னபடியே இருந்தது.

"நகல் எடுக்கறதுக்கு முன்னாடி தட்டுல பாக்கறது எப்புடின்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு மேனேஜர் சொன்னாரு. நானும் இத எத்தனையோ தடவ பொரட்டிட்டேன், அந்தப் பாடம் மட்டும் இல்ல. எழுத மறந்துட்டேன் போலருக்கு. எந்தச் சனிக்கிழமன்னு ஞாபகம் இருக்கா டீச்சர்?"

பிரேமாவதி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். ஜெனவீவ் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒரு பாடம் இல்ல அங்கிள். நான் சொல்லிக் குடுக்கல."

"இல்ல டீச்சர், மேனேஜர்…"

"மேனேஜர்கிட்ட பொய் சொன்னேன். போன்ல கட்டளைய மாத்திச் சொன்னதும் நாந்தான். வலதுலேருந்து இடதுக்குன்னு சொல்லியிருக்கணும். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் பேசினத நீங்க ஏன் அங்க சொல்லல அங்கிள்?"

"தட்ட நாந்தான் மாத்திப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் பரஞ்சோதி. "அஞ்சு மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் பிரித்துப் படித்தார். கிராணி படிப்பதுபோல, தேதியிலிருந்து கையெழுத்து வரைக்கும், நிதானமாக. செப்டம்பர் மாதத் தேதி போட்டிருந்தது. அதில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மடித்து அவள் பக்கமே தள்ளி வைத்தார்.

"தோட்டம் கைமாறிருச்சு டீச்சர். அந்த மேனேஜர் இப்ப அங்க இல்ல."

ஜெனவீவ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கேட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களா, அந்தப் பாடத்த?"

"டக்ளஸ் அண்ணன் வகுப்புல குடுப்பாரு."

"எனக்கு மட்டும் ஏன் வேணாம்னு விட்டீங்க? எனக்கு வராதுன்னு நெனச்சீங்களா?"

பொய் சொல்ல இன்னொரு சந்தர்ப்பம் இருந்தது. "ஆமாம் அங்கிள்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, நோட்டில் கடைசிச் சனிக்கிழமைக்குக் கீழே இருந்த காலி இடத்தைக் காட்டி, "எழுதிக் குடுங்க, என்னான்னு பாப்போம்" என்றார்.

ஜெனவீவ் மூன்று எழுத்தை எழுதினாள். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

பரஞ்சோதி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாளைப் புரட்டி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். "பிரேமா, டீச்சருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

சுங்கை பட்டாணி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது.